எட்ட நின்றே வாயுக் கசிவைக் கண்டுபிடிப்பது: அகச்சிவப்பு கேமராவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேமராவை ஒரு வால்வை நோக்கித் தூக்குவதற்கு முன் அந்த வால்வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெயிலில் காய்ந்த சுவரா, திறந்த வானமா, நிழலில் கிடக்கும் இரும்புத் தூணா? கசிவு கண்ணில் படுவதும் படாமல் போவதும் பெரும்பாலும் இந்தப் பின்புலத்தைப் பொறுத்தது. விலை உயர்ந்த கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு கசிவைத் தவறவிடுகிறவர்கள் அநேகமாக இங்கேதான் சறுக்குகிறார்கள்.

காரணம் எளியது. மீத்தேன் மூலக்கூறு சுமார் 3.3 மைக்ரான் அலைநீளத்தில் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும். அதே அலைநீளத்தில் வெளியிடவும் செய்யும். வாயு பின்புலத்தைவிடக் குளிராக இருந்தால், பின்னாலிருந்து வரும் கதிரில் ஒரு பங்கை விழுங்கிவிட்டுக் கருத்த புகைபோலத் தெரியும். பின்புலத்தைவிடச் சூடாக இருந்தால் வெளிறிய புகைபோலத் தெரியும். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால், விழுங்கியதும் வெளியிட்டதும் சமமாகி வாயு மறைந்துவிடும். அது அங்கேயே பீய்ச்சிக்கொண்டுதான் இருக்கும். திரையில் மட்டும் ஒன்றும் இருக்காது.

எந்த வாயுவுக்கு எந்த கேமரா

கட்டடச் சுவரிலும் மின்பலகையிலும் சூடு பார்க்கப் பயன்படும் சாதாரண தெர்மல் கேமரா 8 முதல் 14 மைக்ரான் வரை மொத்தமாகப் பார்க்கும். அதில் மீத்தேன் தெரியாது. உயர் அழுத்த வாயு சிறு துளையில் வெளியேறும்போது விரிந்து குளிர்வதால் குழாய் ஓரத்தில் ஒரு குளிர்ந்த புள்ளி தெரியலாம். அதைப் பார்த்து "இந்த கேமராவே போதும்" என்று முடிவுகட்டுவது ஆபத்தானது. குறைந்த அழுத்தக் கசிவில் அந்தக் குளிர்ச்சியும் இருக்காது.

வாயுவைக் காட்டும் கேமராவின் உள்ளே, கதிரை உணரும் டிடெக்டருக்கு முன்னால் ஒரு குறுகிய ஃபில்டர் இருக்கும். வாயு உறிஞ்சும் அலைநீளப் பட்டையைத் தவிர மற்றதையெல்லாம் அது தடுத்துவிடும். மீத்தேன், ப்ரொபேன், பியூட்டேன் போன்ற ஹைட்ரோகார்பன்களுக்கு 3.2–3.4 மைக்ரான் பட்டை. இந்தப் பட்டையில் வரும் கதிர் மிகக் குறைவு என்பதால், இண்டியம் ஆன்டிமனைடு டிடெக்டரை உள்ளேயே ஸ்டர்லிங் கூலர் என்ற சிறு குளிர்விப்பு இயந்திரம் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்கிறது. ஃபில்டரும் அந்தக் குளிரிலேயே உட்கார்ந்திருக்கும். சூடான ஃபில்டர் தானே கதிரை வெளியிட்டு மெல்லிய சிக்னலை மூழ்கடித்துவிடும். இப்படிப்பட்ட கேமராவால் 0.015 டிகிரி வெப்ப வேறுபாட்டைக்கூடப் பிரித்துக் காட்ட முடியும்.

மற்ற வாயுக்களுக்கு மற்ற பட்டைகள். உயர் மின்னழுத்த சுவிட்ச்கியரில் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கருவியில்) அடைக்கப்படும் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடுக்கும் அமோனியாவுக்கும் 10.3–10.7 மைக்ரான், குளிர்பதன வாயுக்கள் பலவற்றுக்கு 8.0–8.6, கார்பன் மோனாக்சைடுக்குச் சுமார் 4.6, கார்பன் டை ஆக்சைடுக்கு 4.3 அளவில். குளிர்விப்பான் இல்லாமல் 7–8.5 மைக்ரானில் மீத்தேன் பார்க்கும் கேமராக்களும் உண்டு. விலையும் எடையும் குறைவு, உணர்திறனும் குறைவு. பெரிய கசிவுக்குச் சரி. ஃப்ளாஞ்சில் (குழாய்களைப் போல்ட்டால் இணைக்கும் விளிம்பில்) ஊசிமுனைக் கசிவு தேட அதை நம்ப வேண்டாம்.

எந்தக் கேமராவிலும் தெரியாத வாயுக்களைக் கேமரா வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், குளோரின் ஆகியவை இரண்டு ஒரே மாதிரி அணுக்களால் ஆனவை. அகச்சிவப்பைத் தொடுவதே இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு உறிஞ்சுவது மிகச் சொற்பம், நடைமுறையில் பூஜ்யம் என்றே கொள்ளுங்கள். அசெட்டிலீன் ஹைட்ரோகார்பன்தான், ஆனால் அது உறிஞ்சுவது 3.05 மைக்ரான் அருகே. 3.2–3.4 ஃபில்டர் அதைத் தாண்டிப் போய்விடும். "ஹைட்ரோகார்பன் கேமரா" என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி அசெட்டிலீன் சிலிண்டர் அறையைச் சோதித்தால், சுத்தமாக இருக்கிறது என்ற பொய்ச் சான்றுதான் மிஞ்சும்.

உணர்திறனுக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால்: எண்ணெய், எரிவாயுத் தளங்களுக்கான அமெரிக்க அரசின் 2016 விதி, பாதி மீத்தேன் பாதி ப்ரொபேன் கலந்த 10,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்கு) செறிவுள்ள வாயு கால் அங்குலத் துளை வழியே மணிக்கு 60 கிராமோ அதற்குக் குறைவாகவோ வெளியேறும்போது அதைக் காட்டும் திறன் கேமராவுக்கு இருக்க வேண்டும் என்கிறது.

பின்புலத்தைத் தேர்ந்தெடுப்பது

காற்று 31 டிகிரி. ஒரு வால்வின் தண்டுப் பேக்கிங்கிலிருந்து (தண்டைச் சுற்றியுள்ள அடைப்பிலிருந்து) மீத்தேன் மெதுவாகக் கசிகிறது. சில சென்டிமீட்டர் போவதற்குள் வாயு காற்றின் வெப்பநிலைக்கே வந்துவிடும். பின்னால் வெயில் பட்ட சுவர், 44 டிகிரி. திரையில் கருத்த சுருள் ஒன்று வால்வின் கழுத்திலிருந்து கிளம்பிச் சுவர்மேல் ஏறுகிறது. வழியில் நிழலில் இருக்கும் இரும்பு விட்டம், அதுவும் 31 டிகிரி. அந்த இடத்தில் சுருள் வெட்டினாற்போல் காணாமல் போகிறது. விட்டத்தைத் தாண்டி வானத்தின் முன்னால் வந்ததும் அதே வாயு வெள்ளைப் புகையாக மீண்டும் எழுகிறது. ஒரே கசிவுக்கு மூன்று முகங்கள். அந்த விட்டத்தை மட்டும் பின்புலமாக வைத்துப் பார்த்தவர் "கசிவு இல்லை" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

ஆகவே காற்றின் வெப்பநிலையை ஒரு நல்ல தெர்மாமீட்டரில், நிழலில் வைத்து அளந்து கொள்ளுங்கள். கேமராவின் வெப்பநிலை அளக்கும் முறையில் பின்புலத்தின் மேல் புள்ளியை வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் இருந்தால் நிம்மதியாகத் தேடலாம். 2 முதல் 5 வரை என்றால் நெருங்கிப் போய், மெதுவாகப் பார்க்க வேண்டும். 2க்குக் கீழே என்றால் கோணத்தை மாற்றுங்கள் அல்லது வேறு நேரத்தில் வாருங்கள். அங்கே ஒன்றும் தெரியாததற்கு எந்த மதிப்பும் இல்லை.

இங்கே கணக்கில் வருவது பின்புலம் கேமராவுக்குக் காட்டும் வெப்பநிலை. பளபளக்கும் அலுமினிய உறை தொட்டால் சுடும். ஆனால் அது வானத்தைப் பிரதிபலிப்பதால் கேமராவுக்கு மிகவும் குளிர்ந்து தெரியும். அதுவே சில கோணங்களில் சூரியனைப் பிரதிபலித்துத் திரையைக் கூசவைக்கும். பளபளப்பான பரப்பைப் பின்புலமாக நம்பாதீர்கள். பெயின்ட் அடித்த சுவர், கான்கிரீட், மண் நல்லவை.

மேகமற்ற வானம் அருமையான பின்புலம். காற்றைவிடப் பல டிகிரி குளிராக, சமமாக இருக்கும். அதனால் உயரத்திலுள்ள டேங்க் மூடி, வென்ட் குழாய், பாதுகாப்பு வால்வு ஆகியவற்றைக் கீழிருந்து வானத்தை நோக்கிப் பாருங்கள். தரைமட்டத்தில் இருப்பவற்றை, வெயில் ஏறிய தரையைப் பின்னணியாக வைத்துச் சற்று மேலிருந்து பாருங்கள்.

நாளில் இரண்டு முறை பொல்லாத நேரம் வரும். காலையில் வெயில் ஏறும்போதும் மாலையில் தணியும்போதும் தரையும் சுவரும் காற்றின் வெப்பநிலையைக் கடந்து போகும். அந்தக் கடக்கும் வேளையில் எதுவுமே எடுபடாது. அந்த நேரத்தைக் கேமராவைக் குளிரவைக்கவும் பாட்டரி மாற்றவும் ஒதுக்குங்கள்.

புறப்படும் முன்

கேமராவை ஆன் செய்து கூலர் தன் வெப்பநிலையை எட்டும் வரை காத்திருங்கள். 7 நிமிடம் போலப் பிடிக்கும். வெயில் காலத்தில் கூடுதலாகும். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு சீரமைப்புத் திருத்தம் ஓட்டுங்கள். இது டிடெக்டரின் ஒவ்வொரு பிக்ஸலையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும். இதைச் செய்யாவிட்டால் திரையில் கோடும் திட்டும் படர்ந்து, மெல்லிய கசிவு அதற்குள் ஒளிந்துகொள்ளும். கேமரா உள்ளே சூடாகச் சூடாக, அரைமணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

அடுத்தது வாயு சோதனை. அபாயப் பகுதிக்கு வெளியே, திறந்தவெளியில், பற்றவைக்கும் எதுவும் அருகில் இல்லாத இடத்தில், லைட்டருக்கு நிரப்பும் சிறு பியூட்டேன் கேனிலிருந்து ஒரு நொடி வாயுவை விட்டுப் பாருங்கள். முதலில் 3 மீட்டரில், பிறகு அன்று நீங்கள் பார்க்கப்போகும் அதிகபட்ச தூரத்தில். தெரியவில்லை என்றால் அன்றைய தூரத்தைக் குறையுங்கள். ஒரு எச்சரிக்கை: பியூட்டேனும் ப்ரொபேனும் இந்தப் பட்டையில் மீத்தேனைவிடப் பளிச்சென்று தெரியும். பியூட்டேன் தெரிந்த தூரத்தில் அதே அளவு மீத்தேனும் தெரியும் என்று கொள்ளாதீர்கள்.

காற்றின் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 1–3 மீட்டர் அருமை. புகை நகர்வதும் தெரியும், கலைந்தும் போகாது. 5ஐத் தாண்டினால் சிறு கசிவுகள் பிய்ந்துபோகும். 8ஐத் தாண்டினால் சிறு பாகங்களைத் தேடும் வேலையைத் தள்ளிப்போடுவதே நேர்மை. மழையிலும் மூடுபனியிலும் வேண்டாம். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே நின்று வெளியே பார்க்கவும் முயல வேண்டாம். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைப் பெரும்பகுதி தடுத்துவிடும். கேமரா லென்ஸ் ஜெர்மானியத்தில் செய்யப்படுவது அதனால்தான்.

கையோடு எடுத்துப்போக வேண்டியவை: ஆளுக்கொரு கேஸ் டிடெக்டர் (சுற்றியுள்ள வாயுச் செறிவைக் காட்டி எச்சரிக்கும் சிறு கருவி), காற்றுமானி, தெர்மாமீட்டர், ட்ரைபாட், கசிவு டேக்குகள், இரண்டு உபரி பாட்டரி. பாட்டரியை அபாயப் பகுதிக்குள் மாற்றவே கூடாது. கழற்றும்போது பொறி பறக்கலாம்.

எங்கே நிற்பது, எவ்வளவு தூரம்

பெரும்பாலான வாயு கேமராக்கள் வெடிப்பு அபாயப் பகுதிக்குச் சான்று பெற்றவை அல்ல. சான்று பெற்றவையும் குறிப்பிட்ட வகைப் பகுதிக்கு மட்டுமே. உங்கள் கேமராவின் முத்திரைத் தகட்டையும் ஆலையின் பகுதி வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றே பாருங்கள், அல்லது வாயு சோதித்துப் பெர்மிட் வாங்கிய பிறகு நுழையுங்கள்.

காற்று உங்கள் முதுகிலோ பக்கவாட்டிலோ வரும்படி நில்லுங்கள். பக்கவாட்டே சிறந்தது: புகை திரையில் இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ நகரும், கண் அதைச் சட்டென்று பிடிக்கும். காற்று நேரே முதுகிலிருந்து அடித்தால் புகை உங்களைவிட்டு விலகி ஓடும். நகர்வு சரியாகத் தெரியாது. காற்று எதிரே வந்தால் வாயு உங்கள் மேல் வரும். அங்கே நிற்கவே கூடாது.

தூரத்துக்கு ஒரு கணக்கு. 320 பிக்ஸல் அகல டிடெக்டரும் 24 டிகிரி லென்ஸும் உள்ள கேமராவை எடுத்துக்கொண்டால், 3 மீட்டரில் ஒரு பிக்ஸல் 4 மில்லிமீட்டரை மூடும். 10 மீட்டரில் 13 மில்லிமீட்டர். 30 மீட்டரில் 40 மில்லிமீட்டர். கசிவின் வாயருகே புகை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும் என்றால், 30 மீட்டரில் அது ஒரு பிக்ஸலுக்குள் அடங்கிக் கரைந்துவிடும். ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள்: பெரிய கசிவுக்கு 30 மீட்டரோ அதற்கு மேலோ நின்று முதல் சுற்று, அதில் ஆபத்தான மேகம் எதுவும் இல்லை என்று கண்ட பிறகே, கேஸ் டிடெக்டரைப் பார்த்தபடி 3–6 மீட்டருக்கு நெருங்கி இரண்டாம் சுற்று. இன்னும் எட்டத்திலிருந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் குறுகிய கோண லென்ஸ் போடுங்கள்.

பெரிய கசிவு வெகு தூரத்திலிருந்தும் தெரியும் என்பதற்கு 2015 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் அலிசோ கேன்யன் நிலத்தடி எரிவாயுக் கிடங்கில் நேர்ந்ததே சாட்சி. வெறும் கண்ணுக்கு மலைச்சரிவு மட்டும். அகச்சிவப்புப் படத்தில் சரிவிலிருந்து பொங்கி எழும் கரும்புகை. 2016 பிப்ரவரியில் அடைக்கப்படும் வரை ஏறத்தாழ 97,000 டன் மீத்தேன் வெளியேறியது.

கேஸ் டிடெக்டர், வெடிப்புக் கீழ் வரம்பில் (வாயு தீப்பற்றத் தேவையான குறைந்தபட்சச் செறிவில்) 10 சதவீதத்தைக் காட்டி அலறினால், திரையில் எதுவும் இல்லாவிட்டாலும் பின்வாங்குங்கள். மீத்தேனுக்கு அந்தக் கீழ் வரம்பு காற்றில் 5 சதவீதம், ப்ரொபேனுக்கு 2.1. கேமராவை நம்பி இந்த முடிவை எடுக்கவே கூடாது, ஏனென்றால் கேமரா பார்ப்பது செறிவையும் மேகத்தின் தடிமனையும் பெருக்கி வரும் அளவை. 1 சென்டிமீட்டர் தடிமனில் சுத்த மீத்தேனும், 10 மீட்டர் தடிமனில் 0.1 சதவீத மீத்தேனும் ஒரே 10,000 பி.பி.எம்.-மீட்டர்தான். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே கருமை. ஒன்று துளை வாயில் பற்றக்கூடியது, மற்றது பற்றாது. அதுபோல, புகையின் ஓரம் முடிந்த இடத்தில் வாயு முடிந்துவிட்டது என்றும் பொருள் இல்லை.

பார்க்கும் முறை

1. படத்தைச் சாம்பல் நிறங்களில் காட்டும் முறையைத் தேர்ந்தெடுங்கள். வானவில் நிறங்கள் அறிக்கைக்கு அழகு. மெல்லிய புகையைத் தேடும் கண்ணுக்குத் தொந்தரவு.

2. ஆட்டோ முறையை விட்டு விலகுங்கள். படத்துக்குள் ஒரு சூடான மோட்டார் இருந்தால் ஆட்டோ மொத்த அளவையும் அதற்கு ஏற்ப விரித்து, நீங்கள் பார்க்க வேண்டிய இடத்தை மங்கலாக்கும். லெவலையும் ஸ்பானையும் (திரை காட்டும் வெப்பநிலை வீச்சின் நடுப்புள்ளியையும் அகலத்தையும்) கையால் திருப்பி, வால்வுக்குப் பின்னாலுள்ள பரப்பு நடுத்தரச் சாம்பலாக வரும்படி குறுக்குங்கள். மோட்டார் வெளுத்துப் போனால் போகட்டும்.

3. குவியத்தைப் பாகத்தின் விளிம்பில் வையுங்கள். போல்ட் தலை கூர்மையாகத் தெரியாத படத்தில் கசிவும் தெரியாது.

4. கேமராவை அசைக்காமல் பிடியுங்கள். நகர்த்திக்கொண்டே தேடினால் எல்லாமே நகரும். வாயுவின் நகர்வு அதில் கலந்துபோகும். ஒரு பாகத்துக்குக் குறைந்தது 2 நொடி, குழாய்கள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் 10 நொடியாவது நின்று பாருங்கள். இடையிடையே ஒரு நொடி மட்டும் வெளிப்பட்டு மறையும் கசிவு உண்டு.

5. உயர் உணர்திறன் முறை இருந்தால் ட்ரைபாடில் வைத்து மட்டும் பயன்படுத்துங்கள். அது முந்தைய ஃப்ரேமைக் கழித்து மாறியதை மட்டும் காட்டும். கையில் பிடித்தால் உங்கள் கை நடுக்கத்தையே கசிவாகக் காட்டும்.

6. சூடானது வெள்ளையாகத் தெரியும் முறை, கருப்பாகத் தெரியும் முறை என்று ஒருமுறை மாற்றிப் பாருங்கள். சிலருக்கு வெளிர்ந்த பின்னணியில் கருத்த புகை எளிதில் படும், சிலருக்கு மறுதலை.

7. ஒவ்வொரு பாகத்தையும் குறைந்தது இரண்டு கோணங்களில் பாருங்கள். மறுபக்கம் கசியும் ஃப்ளாஞ்சும் பின்புலம் ஒத்துப்போன வால்வும் இப்படித்தான் பிடிபடும்.

அரைமணி நேரம் பார்த்தபின் ஐந்து நிமிடம் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். சலித்த கண் புகையைத் திரையின் வெறும் புள்ளிச் சலனமாக எடுத்துக்கொண்டு விட்டுவிடும். பழக்கமும் பெரிய வித்தியாசம்: கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீத்தேன் சோதனை மையத்தில் நடந்து 2020ல் வெளியான சோதனையில், நூற்றுக்கணக்கான தளங்களைப் பார்த்துப் பழகியவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 1.7 மடங்கு கசிவுகளைக் கண்டுபிடித்தார்கள்.

தேட வேண்டிய இடங்கள்: வால்வுத் தண்டின் பேக்கிங், ஃப்ளாஞ்ச் கேஸ்கெட், திருகு இணைப்பு, கம்ப்ரஸரின் ராட் பேக்கிங் வென்ட், டேங்க் மேல்மூடி, சரியாக மூடாத பாதுகாப்பு வால்வு, மூடி போடாத குழாய் முனை, அணைந்துபோன ஃப்ளேர் (உபரி வாயுவை எரிக்கும் குழாய்). மீத்தேன் மேலே ஏறும், ப்ரொபேன் பள்ளத்தில் இறங்கும் என்பது பொதுவிதி. ஆனால் குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவிலிருந்து (எல்.என்.ஜி.) ஆவியாகிவரும் மிகக் குளிர்ந்த மீத்தேன் காற்றைவிடக் கனமாகித் தரையோடு படரும். கேபிள் டிரெஞ்சையும் வடிகாலையும் விடாதீர்கள்.

ஏமாற்றும் காட்சிகள்

நீராவிதான் முதல் ஏமாற்றுக்காரன். திரையில் வாயு போலவே சுருளும். கேமராவைத் தாழ்த்தி வெறும் கண்ணால் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அநேகமாக நீராவி. சற்றுத் தள்ளி அது சட்டென்று காணாமல் போகும்; வாயுவோ மெல்ல மெல்லக் கலையும். குளிர்ந்த திரவ எரிவாயுவைச் சுற்றியும் காற்றின் ஈரம் வெள்ளை மூட்டமாகப் படியும் என்பதால், குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் "நீராவிதான்" என்று தள்ளிவிடாதீர்கள்.

சூடான பரப்பிலிருந்து எழும் வெப்பக்காற்று இரண்டாவது. அது முழுப் பரப்பிலிருந்தும் அலை அலையாக எழும். கசிவு ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி விரியும். என்ஜின் புகைக்குழாயில் வருவது எரிந்த வாயுவின் சூடு. அதற்குள் எரியாத மீத்தேனும் இருக்கலாம், இந்தப் படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. தூசியும் பூச்சியும் காற்றின் திசைக்குக் கட்டுப்படாமல் திரியும். பிரதிபலிப்பு, நீங்கள் ஓரடி நகர்ந்தால் தானும் நகரும். கசிவு தன் இடத்திலேயே நிற்கும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் கேட்க வேண்டியது ஒன்று: இது எந்தப் புள்ளியில் தொடங்குகிறது? தொடக்கப் புள்ளியைக் காட்ட முடியாத வரை அதைக் கசிவு என்று எழுதாதீர்கள். இல்லை என்றும் எழுதாதீர்கள். கோணத்தை மாற்றித் திரும்பப் பாருங்கள்.

கண்டுபிடித்த பின்

தொடக்கப் புள்ளி தெரியும்படி 15–30 நொடி வீடியோ எடுங்கள். நிலைப்படம் போதாது, நகர்வு இல்லாமல் புகை வெறும் கறைதான். முதலில் அகலக் காட்சி, பிறகு நெருக்கம், கூடவே சாதாரணப் புகைப்படம் ஒன்று. குறிக்க வேண்டியவை: பாகத்தின் டேக் எண், தூரம், காற்றின் திசையும் வேகமும், காற்றின் வெப்பநிலை, பின்புலத்தின் வெப்பநிலை, நேரம், நின்ற இடம். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கசிவின் அளவைப் படத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள். வெப்ப வேறுபாடு அதிகமுள்ள நண்பகலில் சிறு கசிவும் பூதாகரமாகத் தெரியும். மாலையில் பெரிய கசிவும் நூலாக மெலியும். அளவு வேண்டுமென்றால், அணுகுவது பாதுகாப்பு என்று உறுதியான பிறகு, உறிஞ்சி அளக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். எட்ட நின்றே உறுதிசெய்ய வேண்டுமென்றால் மீத்தேனுக்கு 1.65 மைக்ரான் லேசர் டிடெக்டர் உண்டு. பின்னால் பிரதிபலிக்கும் பரப்பு இருந்தால் 30 மீட்டர் தூரத்தில் பி.பி.எம்.-மீட்டரில் எண் தரும். படம் தராது. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவருக்கு வேலை சுலபம்.

பழுது பார்த்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும், அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில், அதே பின்புலத்தோடு. முதல்முறை 13 டிகிரி வித்தியாசத்தில் தெரிந்த கசிவை, மேகமூட்டமான மறுநாள் 1 டிகிரி வித்தியாசத்தில் பார்த்து "சரியாகிவிட்டது" என்று டேக்கைக் கழற்றுவது நடக்கிறது. வித்தியாசம் குறைவாக இருந்தால் டேக் அப்படியே இருக்கட்டும். சோப்பு நுரை தடவிப் பார்க்க அணுக முடியும் என்றால் அன்றே முடித்துவிடலாம், முடியாது என்றால் வெயில் வரும் வரை காத்திருங்கள்.